நடுங்கும் மரத்தின் பெயர்

ஐரோப்பியக் காடுகளில் ஒரு மரம் உண்டு. மற்ற மரங்கள் அசைவற்று நிற்கும் நண்பகலிலும் அதன் இலைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். இலைக்காம்பு நீண்டும் பக்கவாட்டில் தட்டையாகவும் அமைந்திருத்தலே அதற்குக் காரணம். மூச்சளவு காற்றும் அதனை அசைத்துவிடும். அரசமரத்தின் இலையும் நீண்ட காம்பினால் இவ்வாறே ஆடுவது கண்டு வடமொழியாளர் அதனைச் 'சலபத்திரம்' என்றனர். பிரெஞ்சு மக்கள் தங்கள் மரத்தைத் 'திராம்பிள்' என்றனர். நடுங்குவது என்பது பொருள். நடுக்கத்தைக் குறிக்கும் 'திரெமுலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். அம்மரங்கள் அடர்ந்து நின்ற இடம் 'திராம்பிளே' எனப்பட்டது. ஆலங்காடும் பனங்காடும் ஊர்ப்பெயரானது போல, வட பிரான்சில் பல சிற்றூர்கள் இப்பெயரைப் பெற்றன. பாரிசுக்கு வடகிழக்கே, இன்று பெரிய விமான நிலையம் பரந்து கிடக்கும் நிலப்பகுதியில் உள்ள திராம்பிளே ஆன் பிரான்சு அவற்றுள் ஒன்று.

ஊர்ப்பெயர் ஆட்பெயராக மாறியது பின்னர் நிகழ்ந்தது. பதினொன்றாம் நூற்றாண்டுக்குப் பின் பிரான்சில் மக்கள்தொகை பெருகியபொழுது, ஒரே ஊரில் பத்துப் பியேர்களும் பன்னிரண்டு ஜான்களும் இருக்கும் நிலை வந்தது. அவர்களை வேறுபடுத்தத் தந்தை பெயர், தொழில், உடலடையாளம், பிறந்த ஊர் ஆகியவை பெயரோடு சேர்க்கப்பட்டன. சங்கப் புலவர் பெயர்களில் உறையூரும் மதுரையும் ஆலங்குடியும் முன்னொட்டாக நிற்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. வேறுபாடு ஒன்றே. தமிழில் அந்த ஒட்டு அவரோடு முடிந்தது. பிரான்சில் அது மகனுக்கும் பேரனுக்கும் சென்று உறைந்துவிட்டது. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன் வில்லேர் கொத்ரேயில் பிறப்பித்த ஆணை, பங்குக் குருமார் திருமுழுக்குகளை ஏட்டில் பதிய வேண்டும் என்றது. 1579இல் புளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் அதனோடு சேர்த்தது. எழுத்தில் ஏறிய பெயர் எளிதில் மாறாது. எனினும் எழுதத் தெரியாதோர் மிகுந்த நாட்டில், குருவின் காதில் விழுந்தபடியே எழுத்துக்கூட்டு அமைந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பிரான்சில் திராம்பிளே என்னும் பெயருடைய இரு குடும்பங்கள் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நடுங்கும் மரங்கள் பல இடங்களில் நின்றன. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு பெயர் புறப்பட்டிருக்கலாம். ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியவுடன் இந்நிலை தலைகீழாகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் திராம்பிளேதான். 2006இல் அம்மாநிலப் புள்ளியியல் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் இப்பெயரினர் என்று காணப்பட்டது. அவர்களுடைய தந்தைவழி ஏறத்தாழ முழுவதும் ஒரே ஆடவரிடம் சென்று சேர்கிறது.

அந்த ஆடவர் பியேர் திராம்பிளே. நார்மாந்திக்குத் தெற்கே பெர்ஷு என்னும் சிறு நாட்டுப்பகுதியில், ராந்தொன்னே என்னும் ஊரில் 1626இல் பிறந்தவர். காடும் மேய்ச்சல் நிலமும் கலந்த பகுதி அது. அங்குள்ள மொர்த்தாஞைச் சேர்ந்த ரொபேர் கிஃபார் என்னும் மருத்துவர், 1634இல் கியூபெக்கு நகருக்கு அருகில் போபோர் நிலவுரிமையைப் பெற்றுக் குடியேறினார். அவரும், துரூவ்ரு ஊரினரான ஷுஷெரோ சகோதரர்களும் தம் ஊர்ப்புறத்தாரையே ஆள்திரட்டிக் கொண்டுசென்றனர். தச்சர், கொத்தர், உழவர் எனப் பெர்ஷிலிருந்து சென்றவர் தொகை சில நூறுதான். ஆயினும் முதலில் சென்றவர் என்பதால், கியூபெக்கு மக்களின் குருதியில் அவர்கள் பங்கு தொகைக்கு மிஞ்சியது. பியேர் 1647இல் கூலி ஒப்பந்தத்தின் பேரில் சென்றார். வறுமைதான் அனுப்பியது என்று எல்லாக் குடியேற்றத்துக்கும் ஒரே காரணம் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. பெர்ஷைப் பொறுத்தவரை அக்கம்பக்கத்தார் அழைப்பும் அவ்வளவே வலிமையுடையதாக இருந்திருக்கிறது.

பத்தாண்டு கழித்து, 1657 அக்டோபர் 2ஆம் நாள், கியூபெக்கு நகரில் அவர் ஓசான் அஷோன் என்னும் பெண்ணை மணந்தார். அப்பெண் பிரான்சின் மேற்குக் கடற்கரையில், ரொஷல் துறைமுகத்துக்கு அருகே உள்ள ஷாம்போன் ஊரினர். அரசன் செலவில் 1663 முதல் 1673 வரை அனுப்பப்பட்ட 'அரசனின் புதல்வியர்' ஏறத்தாழ 770 பேர். ஓசான் அவர்களுக்கும் முன்பே, அந்த ஏற்பாட்டின் துணையின்றிக் கடல் கடந்தவர். இருவரும் லான்ஷு கார்தியேன் என்னும் இடத்தில், செயின்ட் லாரன்சு ஆற்றங்கரையில் காடு வெட்டிக் கழனி ஆக்கினர். பிள்ளைகள் பன்னிருவர். ஆண்மக்களுள் பியேர், மிஷேல், ஷாக், லூயி ஆகிய நால்வர் மணம்புரிந்து பெயரைத் தொடர்ந்தனர். ஓசான் 1707இல் மறைந்தார்.

இந்த விவரங்கள் இத்துணைத் திட்டமாகத் தெரிவது வியப்புக்குரியது. நிலவுடைமையோ பட்டமோ இல்லாத ஒரு கூலியாளின் திருமண நாள் மூன்றரை நூற்றாண்டு கழித்தும் அறியக்கிடக்கிறது. காரணம் பங்குப் பதிவேடுகள். பதிவேட்டின் பிரதி ஒன்று அரசு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டதால், தீயும் வெள்ளமும் ஒன்றை அழித்தபோதும் மற்றொன்று பெரும்பாலும் தப்பியது. இன்னுமொரு காரணம் கருதத்தக்கது. அந்நாட்டுக் குருமார் மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதினர். பிள்ளையின் திருமுழுக்கிலும், அவளது அடக்கத்திலும்கூட அப்படியே. அதனால் தாய்வழியும் தந்தைவழியும் ஒருங்கே பின்னோக்கிச் செல்ல முடிகிறது. 1966இல் மொந்திரியால் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டமும், 1972இல் வரலாற்றாசிரியர் ஷெரார் புஷார் தொடங்கிய பால்சாக் என்னும் மக்கள்தொகைக் கோப்பும் இப்பதிவேடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பல இலட்சம் குடும்பங்களின் வழியை நிறுவியுள்ளன.

அவ்வாறு கோத்தபோது ஓர் எதிர்பாராத செய்தி வெளிப்பட்டது. 1800ஆம் ஆண்டுக்கு முன் மணம்புரிந்த வழித்தோன்றல்கள் மிகுதியாக உடையவர் பியேர் திராம்பிளே அல்லர். அதே பெர்ஷிலிருந்து சென்ற சக்காரி குளூத்தியே என்னும் தச்சரே. அவருடைய வழித்தோன்றல்கள் 10,850 பேர். ஆனால் பெயர்ப்பட்டியலில் முதலிடம் குளூத்தியேவுக்கு இல்லை. பெயர் ஆண்வழியில் மட்டுமே நடக்கிறது. குருதி மகள்கள் வழியாகவும் பரவுகிறது. ஆகவே ஒரு பெயரின் பெருக்கம் அப்பெயர் தாங்கிய முதல்வரின் குருதியை அளக்கும் கோலாகாது. மகன்கள் பிழைத்தார்களா, அவர்களுக்கும் மகன்கள் பிறந்தார்களா, அவர்களுக்கு உழ நிலம் கிடைத்ததா என்பவற்றையே அது காட்டும்.

திராம்பிளே குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது. செயின்ட் லாரன்சின் வடகரையில் ஷார்லவுவா என்னும் மலைநாடு உண்டு. மூத்த மகன் பியேர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எபுல்மான் என்னும் நிலவுரிமையைப் பெற்றார். கூலிக்கு வந்தவர் மகன் நிலக்கிழார் ஆனார். அந்த நிலத்தின் கதை அதனினும் பழமையானது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே விண்கல் ஒன்று விழுந்து குடைந்த பெருங்குழியே ஷார்லவுவாவின் பள்ளத்தாக்குகள். மோதலின் நடுவே உந்தி எழுந்த மேடுதான் எபுல்மான் மலை. சுற்றிலும் கடினமான மலைத்தொடர் இருக்க, குழியின் ஓரத்துத் தாழ்நிலமே உழவுக்கு இடம்தந்தது. அங்கே புகுந்த சில குடும்பங்கள் நூற்றாண்டுக்கு மேல் தமக்குள்ளேயே பெருகின.

நிலம் போதாதபோது அடுத்த தலைமுறை வடக்கு நோக்கிற்று. 1838இல் ஷார்லவுவாவின் மால்பே ஊரிலிருந்து 'இருபத்தொருவர் கழகம்' என்னும் கூட்டத்தார் சாக்கெனே பள்ளத்தாக்கினுள் மரம்வெட்டப் புகுந்தனர். அவர்தம் தலைவர் அலெக்சி திராம்பிளே. 'பிக்கொத்தே' என்பது அவர் அடைபெயர். அம்மைத் தழும்பர் என்று பொருள். ஒரே பெயரினர் பெருகிய இடத்தில் குடும்பப்பெயரே அடையாளம் காட்டும் ஆற்றலை இழந்து, மீண்டும் உடலடையாளத்தால் அழைக்க வேண்டியதாயிற்று; பெயர் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது எனலாம். அவர்கள் நுழைந்த பள்ளத்தாக்கு ஆளற்ற நிலமன்று. இன்னு என்னும் தொல்குடியினர் வேட்டையாடி வாழ்ந்த நாடு அது. மரவணிகமும் ஏரும் நுழைந்த வேகத்தில் அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். கியூபெக்குப் பிரெஞ்சியரின் வழிப்பட்டியல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒரு தொல்குடி முன்னோராவது இருப்பதையும், மரபணுவில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டு அளவே என்பதையும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த முன்னோர் பலருடைய சொந்தப் பெயரைப் பதிவேடு காக்கவில்லை.

இனிக் குருதியின் சான்றுக்கு வரலாம். ஆண்மகனுக்குத் தந்தையிடமிருந்து மட்டுமே வரும் குரோமோசோம் ஒன்று உண்டு. அறிவியலார் அதனை 'ஒய்' என்பர். குடும்பப்பெயரும் அதே வழியில் வருவதால், இரண்டும் ஒரே தேரில் ஏறிய இரு பயணிகள் போல்வன. முதல்வரின் எலும்பைத் தோண்டாமலே அவருடைய ஒய் குரோமோசோமை அறிய ஒரு முறை கைக்கொள்ளப்படுகிறது. அவருடைய இரு வேறு மகன்கள் வழியாக வந்த, இன்று வாழும் இரு ஆடவரைச் சோதிப்பர். இருவருடையதும் ஒத்திருந்தால், அது அவ்விரு வழிகளும் கூடும் இடத்தில் நின்ற முன்னோருடையதே ஆகும். ஒவ்வாவிடின் எங்கோ ஒரு தலைமுறையில் பெயர் வேறு வழியிலும் குருதி வேறு வழியிலும் சென்றன என்பது புலப்படும். தத்தெடுத்தல், கைம்பெண்ணின் மறுமணம், கணவனல்லாதான் பிள்ளை எனக் காரணங்கள் பல. கியூபெக்கின் பதிவேடுகள் இத்துணைத் திருத்தமாக இருப்பதால், அவை பிறர் வரலாற்றுக்கும் உதவின. 1997இல் எவெலின் ஏயேரும் பிறரும் அங்குள்ள ஆழமான வழிப்பட்டியல்களைக் கொண்டு, ஒய் குரோமோசோமின் சில குறியிடங்கள் தலைமுறைக்கு எத்துணை மாறுகின்றன என்பதைக் கணித்தனர். ஒரு குறியிடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு என்னும் அளவில் விடை கிட்டியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வொப்பீட்டின் பயன் இன்னும் மிகுதி. 1840க்கும் 1930க்கும் இடையே ஏறத்தாழ 9 இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் நியூ இங்கிலாந்தின் நூலாலைகளுக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். திராம்பிளே அங்கே திராம்லி, திராம்பிளி எனத் திரிந்தது. எழுத்து சிதைந்த இடத்திலும் குரோமோசோம் சிதையாமல் வந்து உறவு சொல்கிறது.

இப்பெருமையின் அளவையும் சொல்லிவிடுதல் வேண்டும். 2023இல் முழுமையாகப் படிக்கப்பெற்ற ஒய் குரோமோசோமில் இருப்பவை ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் எழுத்துகள். மனித மரபணுத் தொகுதியின் எழுத்துகள் முந்நூறு கோடிக்கு மேல். பதினொரு தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 2,048 முன்னோர் இடங்கள் உண்டு. பெயர் அவற்றுள் ஒன்றை மட்டுமே காட்டுகிறது. ஆனால் ஷார்லவுவாவிலும் சாக்கெனேயிலும் அந்த 2,048 இடங்களில் 2,048 வேறு வேறு ஆட்கள் நிற்பதில்லை. ஒரே பியேரும் ஒரே ஓசானும் பல கிளைகளின் நுனியில் மீண்டும் மீண்டும் தோன்றுவர். திராம்பிளே பெயர் இல்லாதவர் பலரும் அவர்கள் வழியினரே.

இங்குதான் பெயராராய்ச்சி பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடக்கிறது. 1978இல் ஜான் பியேர் புஷாரும் உடன் ஆய்ந்தோரும் அப்பகுதியில் ஒரு நோயை விவரித்தனர். குழந்தை நடக்கத் தொடங்கும்போதே கால் தடுமாறும், தசைகள் இறுகும், நாற்பது வயதளவில் பலர் சக்கர நாற்காலியை நாட நேரும். ஷார்லவுவா சாக்கெனே என்னும் ஊர்ப்பெயர்களே நோயின் பெயராயின. 2000இல் அதற்குரிய மரபணு கண்டறியப்பட்டது. அங்குள்ள நோயாளருள் மிகப்பெரும்பாலோரிடம் இருந்த பிழை ஒன்றே: ஒற்றை எழுத்து விடுபட்டிருந்தது. மரபணு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஒன்று விழுந்தால் பின்வருவன அனைத்தும் இடம்பெயரும். வெண்பாவில் ஓர் அசை விழுந்தால் அடுத்த சீர்களெல்லாம் தளைதட்டும் துன்பத்தை அறிந்தவர்க்கு இது விளங்கும். சாக்கெனேயில் ஏறத்தாழ 22 பேருக்கு ஒருவர் இப்பிழையைத் தாங்குபவர். தாய் தந்தை இருவரிடமும் இருந்தால் மட்டுமே, அதுவும் நான்கில் ஒரு வாய்ப்பாக, பிள்ளைக்கு நோய் வரும்.

கல்லீரலை அழிக்கும் டைரோசினேமியாவும் அங்கே அவ்வளவே பரவியது, பிஞ்சுகளையே கொன்றது. 1970 முதல் கியூபெக்கில் பிறந்த குழந்தைகளிடம் அதற்கான சோதனை நடைபெறுகிறது. களைக்கொல்லியாக ஆராயப்பட்ட ஒரு வேதிப்பொருள் அந்நோயைத் தடுப்பதாகச் சுவீடன் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டனர்; இரண்டாண்டில் அது கியூபெக்குக் குழந்தைகளுக்கும் கிட்டியது.

நோயைவிடப் பழிச்சொல் அம்மக்களை வருத்தியதுண்டு. நெருங்கிய உறவுக்குள் மணந்ததால் வந்த கேடு என்று வெளியார் எளிதாகச் சொல்லிவிட்டனர். பதிவேடுகள் அதனை மறுக்கின்றன. சாக்கெனேயில் நெருங்கிய உறவுத் திருமணம் கியூபெக்கின் பிற பகுதிகளைவிட மிகுதியாக இருந்ததில்லை. திருச்சபையின் விலக்கும் கடுமையாகவே இருந்தது. நேர்ந்தது வேறு. சிலரே முதலில் புகுந்தனர். அவர்களுள் யாரோ ஒருவரிடம் தற்செயலாக இருந்த பிழை, மக்கள் பெருகிய வேகத்தில் தானும் பெருகியது. மணமக்கள் ஆறேழு தலைமுறைக்கு அப்பால்தான் உறவினர். அவ்வுறவு அவர்களுக்கே தெரியாதது. திராம்பிளே பெயரை நோயோடு சேர்த்துப் பேசுவதும் இதே தவறுதான். நோய் தாங்கிய எழுத்து ஆண்வழியாக மட்டும் நடப்பதன்று. எப்பெயர் வீட்டிலும் அது தங்கும்.

பெயரில்லாத வழியும் ஒன்றுண்டு. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரிய மரபணு, தலைமுறைதோறும் வேறு வேறு குடும்பப்பெயர்களின் கீழ் ஒளிந்து செல்வது. இளவயதில் பார்வையைப் பறிக்கும் லெபர் நோயின் ஒரு பிழை, கியூபெக்கு நகரில் 1669இல் மணந்த அரசனின் புதல்வி ஒருத்தியிடமிருந்து பரவியது என 2017இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரைக் குருமார் எழுதாமல் விட்டிருந்தால் அவ்வழி என்றும் தெரிந்திராது. ஓசான் அஷோனின் பெயரும் அவ்வாறே ஏட்டில் நின்றது. பிள்ளைகள் எவருக்கும் அது போகவில்லை. இப்பெயரை உலக இலக்கியத்தில் நிறுத்தியவர் 1942இல் மொந்திரியாலில் பிறந்த மிஷேல் திராம்பிளே. 1968இல் அரங்கேறிய 'லே பெல் சேர்' என்னும் அவர்தம் நாடகம் தெருவில் பேசும் கொச்சைப் பிரெஞ்சை முதன்முறையாகப் பெருமேடையில் துணிந்து ஒலிக்கச் செய்து, கற்றோர் பலரின் சினத்துக்கு ஆளானது. அதன் மேடையில் வருவோர் பதினைந்து பேர், அனைவரும் பெண்கள். 1981 முதல் கியூபெக்குச் சட்டப்படி மணமான பெண் தன் பிறப்புப் பெயரையே தாங்க வேண்டும். பிள்ளைக்குத் தாய் பெயரையும் இடலாம். பழைய பதிவேட்டின் வழக்கம் சட்டமாக மீண்டது.

2023இல் 40 இலட்சம் பங்குப் பதிவுகளையும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மரபணுவையும் இணைத்து நிகழ்த்தப்பட்ட ஆய்வு, கியூபெக்கியரின் உறவு ஆறுகளின் வழியே கிளைவிட்டிருப்பதைக் காட்டியது. ஆற்றங்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்தோர் மரபணுவிலும் அடுத்தடுத்து நிற்கின்றனர். சாக்கெனேயில் நான்கு மரபுநோய்களுக்கான தாங்குநர் சோதனை 2010இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2018 முதல் மாநிலம் முழுவதும் கிடைக்கிறது. பிள்ளை பெற எண்ணுவோர் கேட்டுப் பெறலாம். அதற்கு வருபவரிடம் குடும்பப்பெயர் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. தந்தையைப் பெற்றோர், தாயைப் பெற்றோர் ஆகிய நால்வருள் ஒருவராவது சாக்கெனேயிலோ ஷார்லவுவாவிலோ வடகரையின் மேற்பகுதியிலோ பிறந்தவரா என்பதே கேள்வி.